பிராக்ஸி அமைப்பு: கணினியில் எழுதுவதும் சரிபார்ப்பதும்

பிராக்ஸி சர்வர் என்பது ஒரு வலைப்பின்னலில் உள்ள கணினிகளுக்கும் வெளியே உள்ள இணையத்துக்கும் நடுவில் நிற்கும் கணினி. உள்ளே இருப்பவர்கள் கேட்பதை வாங்கித் தன் பெயரில் வெளியே அனுப்பும். வரும் பதிலைக் கேட்டவரிடம் சேர்க்கும். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் பிராக்ஸி வழியாக இயங்கினால், வெளியே உள்ள இணையதளத்தின் கண்ணுக்குத் தெரிவது அந்த நடுக் கணினி ஒன்றுதான். ஆய்வகக் கணினி ஒவ்வொன்றுக்கும் அதைப் பற்றித் தெரிய வேண்டியவை இரண்டே: அதன் முகவரி, அது காது கொடுத்துக் கேட்கும் போர்ட் எண். முகவரி 192.168.10.5 என்றும் போர்ட் 3128 என்றும் வைத்துக்கொள்ளலாம். இதில் ஓர் இலக்கம் பிசகினாலும் 'நெட் இல்லை' என்ற புகார் வந்துவிடும்.

நேரடி இணைப்பில் பிரவுசர் முதலில் தளத்தின் பெயரை டிஎன்எஸ் வழியாக எண் முகவரியாக மாற்றிக்கொள்கிறது. பிறகு அந்த எண்ணை உடைய சர்வரிடம் நேரே போய்ப் பக்கத்தைக் கேட்கிறது. பிராக்ஸி எழுதப்பட்ட கணினியில் கதை வேறு. பிரவுசர் தளத்தின் பெயரைத் தானாகத் தேடுவதே இல்லை. முழு முகவரியையும் அப்படியே பிராக்ஸியிடம் ஒப்படைத்துவிடுகிறது. தேடுவது, இணைவது, வாங்குவது எல்லாம் பிராக்ஸியின் பொறுப்பு. பூட்டுக்குறி உள்ள எச்டிடிபிஎஸ் தளம் என்றால், இன்ன தளத்தின் 443-ஆம் போர்ட் வரை பாதை திறந்துவிடு என்று 'கனெக்ட்' என்னும் கட்டளையைப் பிரவுசர் அனுப்பும். பாதை திறந்தபின் அதில் போவதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டவை. எந்தத் தளம் என்பது பிராக்ஸிக்குத் தெரியும். அங்கே என்ன படிக்கப்பட்டது என்பது தெரியாது. பின்னால் வரும் சோதனைகளில் பாதிக்கு விளக்கம், நேரடி இணைப்புக்கும் பிராக்ஸி இணைப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வலைக்கான பிராக்ஸி வலையோடு சேர்ந்தே வளர்ந்தது. 1994-இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் ஆரி லுவோட்டோனன், கெவின் ஆல்டிஸ் இருவரும் இதைப் பற்றிய கட்டுரையை முன்வைத்தார்கள். செர்ன் ஆய்வகத்தின் வலைச் சர்வர் நிரல் அப்போதே பிராக்ஸியாகவும் இயங்கியது. 1996-இல் டுவேன் வெசல்ஸ் முன்னின்று உருவாக்கிய ஸ்குவிட் என்னும் கட்டற்ற நிரல் வந்தது. இந்தியக் கல்லூரிகளில் பலவற்றின் பிராக்ஸிக்கு இன்றும் அடியில் ஓடுவது அதுதான். 3128 என்ற போர்ட் எண் அதன் வழக்கமான எண். வேறு பல பிராக்ஸிகள் 8080-ஐ வைத்துக்கொள்கின்றன.

அன்றைக்கு இதன் முதல் பயன் சிக்கனம். கல்லூரிக்கு நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு தனிக்கம்பி இணைப்பு இருந்தால், 60 கிலோபைட் அளவுள்ள படம் ஒன்று வந்து சேர ஏழரை நொடி ஆகும். நாற்பது பேர் அதே படத்தைத் தனித்தனியாகக் கேட்டால் ஐந்து நிமிடம். பிராக்ஸி முதல் தடவை வாங்கியதைத் தன் வட்டில் சேமித்து வைத்து, மற்ற 39 பேருக்கும் உள்வலையிலேயே எடுத்துக் கொடுத்துவிடும். 10 மெகாபிட் உள்வலையில் அது ஒருவருக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு வேலை. இணைப்புக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில் இந்தச் சேமிப்புக் கிடங்குக்காகவே பிராக்ஸி வைத்தவர்கள் உண்டு.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை போன்ற ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. வளைகுடா நாடுகளில் ஆள் இருக்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. மின்னஞ்சலுக்கும் யாகூ மெசஞ்சருக்கும் கூட்டம் வந்தது. உரிமையாளரின் மேசையில் மோடம் மாட்டிய கணினி ஒன்று, உள்ளே பலகைத் தடுப்புகளுக்குப் பின்னால் ஆறோ எட்டோ கணினிகள். ஒரே தொலைபேசி இணைப்பை எல்லோருக்கும் பங்கிட வின்கேட், வின்பிராக்ஸி போன்ற நிரல்கள் பயன்பட்டன. உள்ளே இருந்த ஒவ்வொரு கணினியிலும், பிரவுசரில் ஒரு தடவையும் மெசஞ்சரில் இன்னொரு தடவையுமாகப் பிராக்ஸி எண்ணை எழுத வேண்டியிருந்தது. பக்கங்கள் திறக்கின்றன, குரல் அழைப்பு மட்டும் போகவில்லை என்ற தலைவலியும் உடன் வந்தது. எச்டிடிபி பிராக்ஸி வலைப்பக்கங்களுக்கு ஏற்றது. மற்ற வகைப் போக்குவரத்துக்குச் சாக்ஸ் என்னும் வேறு வகைப் பிராக்ஸி வேண்டும். அதன் வழக்கமான போர்ட் 1080.

1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, இணைப்பைப் பங்கிடும் வசதியைத் தன்னோடே கொண்டுவந்தது. அது பிராக்ஸி அன்று. நேட் எனப்படும் முகவரி மாற்றும் முறை. உள்ளே இருக்கும் கணினிகளில் எந்தப் பிராக்ஸி எண்ணும் எழுத வேண்டாம். இன்றைக்கு வீட்டில் இருக்கும் வைஃபை ரூட்டர் செய்வதும் இதையேதான். ஆகவே வீட்டு இணைப்பில் பிராக்ஸி பெட்டி காலியாக இருப்பதே சரியான நிலை. இதைத் தெரிந்துகொண்டாலே வீட்டில் வரும் பிராக்ஸித் தொல்லைகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

சேமித்துக் கொடுக்கும் வேலை இப்போது பெரிதும் குறைந்துவிட்டது. தளங்கள் ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ்-க்கு மாறிவிட்டதால், மறையாக்கம் செய்த பக்கத்தைப் பிராக்ஸியால் படிக்க முடியாது, சேமிக்கவும் முடியாது. மிஞ்சி இருப்பது மேற்பார்வை: யார் எந்தத் தளத்துக்குப் போகலாம், எப்போது போனார்கள் என்பதைக் கட்டுப்படுத்துவதும் பதிவு செய்வதும். இந்தியாவில் இதற்குச் சட்ட முகமும் உண்டு. 2011 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சைபர் கஃபே விதிகள், மையத்தில் பிராக்ஸி சர்வர் இருந்தால் அதன் பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர்மேல் வைத்தன. பிராக்ஸி வழியாகப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் நேரம், கணினியின் முகவரி, தளத்தின் பெயர் ஆகியவற்றோடு ஒரு வரியாக எழுதப்படுகிறது என்பதைப் பயன்படுத்துவோர் நினைவில் வைப்பது நல்லது.

இனி அமைப்பது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'செட்டிங்ஸ்' திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'பிராக்ஸி'யைத் தேர்ந்தால் மூன்று வழிகள் தெரியும்: தானாகக் கண்டுபிடிப்பது, அமைப்பு ஸ்கிரிப்ட் ஒன்றின் முகவரியைக் கொடுப்பது, கையால் எழுதுவது. கையால் எழுதும் பகுதியைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, முகவரிக்கும் போர்ட்டுக்கும் உரிய பெட்டிகளைத் தனித்தனியாக நிரப்ப வேண்டும். முகவரிப் பெட்டியிலேயே போர்ட்டையும் சேர்த்து எழுதுவதும், முடித்தபின் 'சேவ்' பொத்தானை அழுத்த மறப்பதும் அடிக்கடி நடப்பவை. குரோம், எட்ஜ் இரண்டும் தங்களுக்கென்று தனி அமைப்பு வைத்துக்கொள்ளாமல் விண்டோஸ் சொல்வதையே கேட்கும்.

அதே பக்கத்தில் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. கண்டுகொள்ளப்படாமல் போகும் பெட்டி அது. எந்தெந்த முகவரிகளுக்குப் பிராக்ஸி தேவையில்லை என்று அங்கே எழுத வேண்டும். கல்லூரியின் உள்வலையிலேயே இருக்கும் மதிப்பெண் சர்வர், நூலகப் பட்டியல், பக்கத்து அறையில் உள்ள பிரிண்டர் ஆகியவற்றுக்கான கோரிக்கை பிராக்ஸிக்குப் போய்ச் சுற்றி வர வேண்டியதில்லை. சில பிராக்ஸிகள் அப்படிச் சுற்றி வர விடவும் மாட்டா. 192.168.* என்று உடுக்குறியோடு எழுதினால் அந்தத் தொகுதி முழுவதும் விலக்காகும். 'உள்வலை முகவரிகளுக்குப் பிராக்ஸி வேண்டாம்' என்ற பெட்டியில் டிக் போட்டால் புள்ளியில்லாத குறும்பெயர்கள் விலக்காகும். விண்டோஸில் இந்தப் பட்டியலை அரைப்புள்ளியால் பிரிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸிலும் லினக்ஸிலும் காற்புள்ளியால். ஒன்றில் எழுதியதை நகலெடுத்து மற்றதில் ஒட்டினால் வேலை செய்யாததற்கு இதுவே காரணம்.

ஒரே கணினியில் பிராக்ஸி எண் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று எண்ணுவதே பல குழப்பங்களுக்கு வேர். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென ஒரு 'நெட்வொர்க் செட்டிங்ஸ்' வைத்திருக்கிறது. வழக்கமாக அது கணினியின் அமைப்பைப் பின்பற்றும், ஆனால் யாராவது மாற்றியிருந்தால் தன் வழியில் போகும். விண்டோஸுக்குள்ளேயே பயனருக்கு ஓர் அமைப்பும், பின்னணியில் ஓடும் சேவைகளுக்கு வின்எச்டிடிபி என்ற பெயரில் இன்னோர் அமைப்பும் உண்டு. பிரவுசர் நன்றாக ஓடும்போது பின்னணிச் சேவை ஒன்று மட்டும் இணையத்தை எட்ட முடியாமல் தவித்தால் இந்த இரண்டாவதைப் பார்க்க வேண்டும். கட்டளைச் சாளரத்தில் 'நெட்எஸ்எச் வின்எச்டிடிபி ஷோ பிராக்ஸி' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டினால் அது என்ன எண்ணை வைத்திருக்கிறது என்று சொல்லும். 'ஷோ' இருக்குமிடத்தில் 'ரீசெட்' என்று மாற்றினால் அந்த எண்ணை அழித்து நேரடி இணைப்புக்குத் திரும்பும்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. லினக்ஸில் திரையமைப்பில் எழுதும் பிராக்ஸி ஒன்று. டெர்மினலில் ஓடும் நிரல்கள் தேடும் சூழல் மாறி வேறொன்று. இரண்டாவதில் எச்டிடிபி-க்கும் எச்டிடிபிஎஸ்-க்கும் தனித்தனியாக மதிப்புத் தர வேண்டும், மாறியின் பெயரைச் சிற்றெழுத்தில் எழுதுவது பத்திரம். கர்ல் நிரல் எச்டிடிபி மாறியைப் பேரெழுத்தில் எழுதினால் திரும்பிப் பார்க்காது. நிர்வாகி உரிமை தரும் சுடோ போட்டு ஓட்டும்போது இந்த மாறிகள் வழக்கமாக உதிர்ந்துவிடும் என்பதால், மென்பொருள் நிறுவும் ஏபிடி நிரலுக்கு அதன் அமைப்புக் கோப்பிலேயே எண்ணைத் தனியாக எழுதுவார்கள். பிராக்ஸி முகவரியோடு சேர்த்து எழுதும் கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் அதை அப்படியே எழுதக்கூடாது, %40 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் கடவுச்சொல்லின் பின்பாதியை நிரல் சர்வரின் பெயராக எடுத்துக்கொள்ளும்.

மடிக்கணினி வந்தபிறகுதான் பிராக்ஸி அமைப்பின் அடிப்படைக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. பிராக்ஸி இருப்பது கல்லூரியில். அதன் எண் இருப்பதோ மடிக்கணினியில். மாணவர் கல்லூரி இருக்கும் சுங்கான்கடையில் இருந்து வீடு இருக்கும் கருங்கலுக்குப் பஸ் ஏறும்போது எண்ணும் கூடவே போகிறது, பிராக்ஸி போவதில்லை. வீட்டு வைஃபையில் இணைந்த கணினி 192.168.10.5-ஐத் தேடுகிறது. அங்கே அப்படி யாரும் இல்லை. கைப்பேசியில் அதே வைஃபையில் எல்லாம் ஓடும், மடிக்கணினியில் மட்டும் ஒரு பக்கமும் திறக்காது. ரூட்டரை அணைத்துப் போடுவார்கள், இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்வார்கள். வைஃபைமேல் குற்றமே இல்லை. விண்டோஸில் கையால் எழுதிய எண் ஒரு வைஃபைக்கு மட்டும் உரியது அன்று, கணினி போகும் எல்லா இணைப்புக்கும் பொது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அப்படி இல்லை; ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனிப் பிராக்ஸி என்பதால் இந்தச் சங்கடம் அங்கே வருவதில்லை. இந்த விஷயத்தில் கைப்பேசியின் ஏற்பாடே மேல்.

இதற்குத் தீர்வு 1996-லேயே நெட்ஸ்கேப் பிரவுசரோடு வந்துவிட்டது. அமைப்பு ஸ்கிரிப்ட் என்று முன்பு சொன்ன பேக் கோப்பு என்பது ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு சிறு நிரல். ஒவ்வொரு முகவரியைத் திறக்கும்போதும் பிரவுசர் அதனிடம் வழி கேட்கும். கல்லூரியின் சொந்தத் தளம் என்றால் நேரே போ, மற்றவற்றுக்குப் பிராக்ஸி வழியாகப் போ, பிராக்ஸி கிடைக்காவிட்டால் நேரே போ என்று மூன்று நான்கு வரிகளில் எழுதிவிடலாம். கோப்பு கல்லூரிச் சர்வரில் இருக்கும். கணினியில் அதன் முகவரியை மட்டும் எழுதினால் போதும். வீட்டில் அந்தக் கோப்பே எட்டாது என்பதால், நிர்வாகி வேறு மாதிரி கட்டாயப்படுத்தாத வரை, பிரவுசர் தானாக நேரடி இணைப்புக்கு மாறிவிடும். பிராக்ஸியின் எண் மாறினால் ஒரு கோப்பைத் திருத்தினால் போதும், நானூறு மடிக்கணினிகளைத் திறக்க வேண்டியதில்லை. இவ்வளவு வசதி இருந்தும் எண்ணைத் தாளில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் போகாதது விந்தைதான்.

'தானாகக் கண்டுபிடி' என்ற சுவிட்ச் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பேக் கோப்பு எங்கே என்பதையும் கணினியே வலைப்பின்னலிடம் கேட்கும்: கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யின் 252-ஆம் விருப்பத்தில் பார்க்கும், அங்கே இல்லாவிட்டால் 'டபிள்யு-பேட்' என்ற பெயருள்ள கணினியைத் தேடும். நம்பகமான அலுவலகத்தில் இது சுகம். பொது வைஃபையில் அந்தப் பெயரைப் போலியாகச் சூட்டிக்கொண்டு யாரும் பதில் சொல்லிவிடலாம். 2016-இல் அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் இந்த ஏற்பாட்டின் பலவீனம் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. அலுவலகம் கேட்காத பட்சத்தில் இந்தச் சுவிட்சை அணைத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

கல்லூரிக்கென்று கிடைக்கும் ஆய்விதழ்களை, பிராக்ஸி ஏதும் எழுதாமலே வெளியில் இருந்து எட்டும் ஏற்பாடும் உண்டு. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டம் 2010 முதல் கல்லூரிகளுக்கு ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் தருகிறது. உறுப்புக் கல்லூரியின் ஆசிரியர் தமக்குரிய பெயரோடு உள்நுழைந்தால் போதும், அடையாளம் பார்ப்பதை அந்த மையத்தின் சர்வர்கள் கவனித்துக்கொள்ளும். வீட்டில் இருந்து படிக்கலாம், கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சரிபார்க்கும்போது அருகில் இருந்து தொலைவுக்குப் போவதே முறை. முதலில் கணினியில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். எதையும் மாற்றும் முன் அதைக் குறித்து வைக்கவும் வேண்டும். அடுத்து, அந்த முகவரி எட்டுகிறதா, போர்ட் திறந்திருக்கிறதா. பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளைக்கு முகவரியையும் போர்ட்டையும் கொடுத்தால், இணைப்புக் கிடைத்ததா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லும். கிடைக்கவில்லை என்றால், பிராக்ஸி அணைந்திருக்கிறது, அல்லது கணினி வேறு வலைப்பின்னலில் இருக்கிறது, அல்லது எண் தவறு. கிடைத்தது என்றால் குற்றம் அதற்கு அப்பால்.

இந்த இடத்தில் பலரும் பிங் கட்டளையை நம்பி ஏமாறுகிறார்கள். பிங் பிராக்ஸி வழியாகப் போகாது. வெளித்தளத்துக்கு நேரே போகும் வழியை மூடியிருக்கும் கல்லூரியில் பிங் தோற்கும், பிரவுசர் ஓடும். பழைய எண்ணோடு வீட்டுக்கு வந்த மடிக்கணினியில் பிங் ஜெயிக்கும், பிரவுசர் ஓடாது. இரண்டாவது நிலை தெரிந்தால் பிராக்ஸி பெட்டியைத்தான் முதலில் திறக்க வேண்டும். 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளங்களும் பாதி சாட்சிதான். கல்லூரியில் நேட்டும் பிராக்ஸியும் ஒரே வெளி முகவரியைப் பயன்படுத்தினால் இரண்டு வழியிலும் ஒரே எண்தான் தெரியும்.

திரையில் வரும் பிழைச் செய்தி பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும். 'பிராக்ஸி இணைப்புத் தோல்வி' என்று குரோம் சொன்னால் கணினியால் பிராக்ஸியையே எட்ட முடியவில்லை. 407 என்றால் எட்டியாயிற்று, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. கடவுச்சொல்லை மாற்றியபின் பழையதை நினைவில் வைத்த பிரவுசர் இதைத் திரும்பத் திரும்பக் காட்டும். 403 என்றால் அந்தத் தளத்துக்கு அனுமதி மறுப்பு. அந்த மறுப்பு பிராக்ஸியுடையதா தளத்துடையதா என்பதைப் பக்கத்தின் வாசகத்தில் இருந்து அறியலாம். 502, 504 இரண்டும் பிராக்ஸிக்கு அப்பால் உள்ள சிக்கல், கணினியில் தேட வேண்டியதில்லை.

யாரும் எழுதாத எண் பெட்டியில் இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 127.0.0.1 என்பது கணினி தன்னையே குறிக்கும் முகவரி. மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் ஃபிட்லர் போன்ற கருவிகள் நியாயமான காரணத்துக்காக இதை எழுதும். சில தீநிரல்களும் எழுதும். ஆன்டிவைரஸ் அந்தத் தீநிரலை நீக்கிவிட்டு எண்ணை விட்டுவிட்டால், சுத்தமான கணினியிலும் நெட் வராது. சுவிட்சை அணைத்தால் சரியாகிவிடும். மறுநாள் எண் மறுபடி முளைத்தால் தீநிரல் இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

தளம் தான் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் விஷயம் இதைவிடக் கனமானது. பிராக்ஸியின் சொந்த வேர்ச் சான்றிதழ் கணினியில் நிறுவப்பட்டுவிட்டால், முன்பு சொன்ன மறையாக்கத்தையும் மீறி, பூட்டுக்குறி மாறாமலே உள்ளே போவதையெல்லாம் அதனால் படிக்க முடியும். சில நிறுவனங்கள் பாதுகாப்புக்காக, ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டே, இதைச் செய்கின்றன. சொல்லாமல் செய்ததும் நடந்திருக்கிறது: 2015-இல் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் விளம்பரத்துக்காகச் சேர்த்து விற்ற சூப்பர்ஃபிஷ் நிரல் எல்லாக் கணினிகளிலும் ஒரே வேர்ச் சான்றிதழைப் பதித்திருந்தது அம்பலமானது. பூட்டுக்குறியைச் சொடுக்கிச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். வங்கித் தளத்தின் சான்றிதழை வழங்கியவராக அலுவலகத்தின் பெயரோ தெரியாத நிரலின் பெயரோ இருந்தால், அந்தக் கணினியில் பணப் பரிமாற்றம் செய்யக்கூடாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிராக்ஸி எண்களை எடுத்து எழுதுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அலுவலகக் கணினியில் பிராக்ஸிப் பெட்டி சாம்பல் நிறத்தில் மங்கி, எழுத விடாமல் இருந்தால் அது பழுது அன்று. நிர்வாகி வலைப்பின்னல் கொள்கை மூலம் பூட்டி வைத்திருக்கிறார். ரெஜிஸ்ட்ரியில் புகுந்து மாற்றினாலும் கொள்கை அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது பழைய எண்ணே திரும்பி வரும். மாற்றம் வேண்டுமானால் கணினிப் பிரிவில் கேட்டு வாங்குவதே வழி.